திருப்பூர் மாநகராட்சி நல்லா நடந்தா பனியன் விலையில் என்ன மாறும்?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கம்ங்க. உள்ளாட்சி நிர்வாகம் நன்றாக இருந்தால் அந்த ஊரின் தொழில் போட்டித்திறன் கூடும் என்று அறிக்கைக்கு அறிக்கை எழுதுகிறார்கள். திருப்பூரை வைத்துப் பார்த்தால் அது பொருந்துகிறதா?

2024-25ல் திருப்பூரின் பனியன் ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. திருப்பூர் மாநகராட்சி ஆனதே 2008ல்தான், மாவட்டத் தலைநகர் ஆனது 2009ல். அதற்கு வெகு முன்பே இங்கிருந்து சரக்கு ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க்கொண்டிருந்தது. இன்றும் பல நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிற வீதிகள் இருக்கின்றன. குப்பையைப் பாறைக்குழியில் கொட்டலாமா கூடாதா என்ற சண்டை ஓயவில்லை. அப்படியானால் நகராட்சிக்கும் தொழிலுக்கும் சம்பந்தமே இல்லையா? "முக்கியம்தான்" என்று பொதுவாகச் சொல்லாமல் எண்ணோடு யாராவது விளக்கினால் நல்லது.

---

கேட்பு_வசூல்_நிலுவை எழுதியது:

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் ஏற்றுமதிப் புள்ளிவிவரத்தில் தேடினால் கிடைக்காது, கம்பெனியின் செலவுக் கணக்கில் தேட வேண்டும். ஊர் தராத ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியாக விலைக்கு வாங்குகிறது. தண்ணீர் லாரி, ஆள் ஏற்றும் வேன், ஹாஸ்டல், கழிவுநீர்த் தொட்டி இறைக்கும் வண்டி. இவை தையல் செலவுக்குள் கரைந்துவிடுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை.

தண்ணீரை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்ப்போம். 200 பேர் வேலை செய்யும் கம்பெனி. தொழிற்சாலையில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 45 லிட்டர் என்பது இந்தியத் தர அளவு. அது 9,000 லிட்டர். அதில் 150 பேர் வெளிமாநிலத்தவர், ஹாஸ்டலில் தங்குகிறார்கள் என்றால் தலைக்கு 135 லிட்டர் வீதம் 20,250. மொத்தம் 29,250 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் இரண்டரை லோடு. குழாய்த் தண்ணீரைவிட லாரித் தண்ணீருக்குக் கிலோலிட்டருக்கு 60 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது என் அனுமானம், உங்கள் பகுதி விலையைப் போட்டுக்கொள்ளலாம்). ஒரு நாளைக்கு 1,755 ரூபாய். 2,500 பீஸ் வெளியே போகிறதென்றால் பீஸுக்கு 70 பைசா.

70 பைசா என்ன பெரிய காசா என்று தோன்றும். வெளிநாட்டில் வாங்குகிறவர் விலை பேசுவது டாலர் சென்ட் கணக்கில். தண்ணீர் ஒன்றிலேயே முக்கால் சென்ட் போய்விட்டது. வேன், மழையில் மூழ்கிய சாலையால் தவறிய கன்டெய்னர், கழிவுநீர் இறைப்பு எல்லாம் இதற்கு மேல். எதிரில் நிற்கும் பங்களாதேஷ் கம்பெனியும் வியட்நாம் கம்பெனியும் இந்தச் செலவை நமக்காகத் தூக்கிக்கொள்ளப் போவதில்லை.

---

சாயக்கணக்கு எழுதியது:

கணக்கு சரிங்க சார், ஆனா முடிவு சரியில்லை. திருப்பூரை நிறுத்தியதும் ஓட்டியதும் நகராட்சி இல்லை. பெரிய தண்ணீர் எப்படி வந்தது என்று பாருங்கள். 1990களில் சாயப்பட்டறைகள் சுற்றுவட்டாரத் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் அடித்துக்கொண்டிருந்தன. 1995ல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்று மாநில அரசும் தனியாரும் சேர்ந்து ஒரு நிறுவனம் வந்தது. 30 வருட ஒப்பந்தம், ஏறத்தாழ 1,000 கோடி ரூபாய்த் திட்டம், பவானிப் பக்கம் காவிரியில் எடுத்து நாளைக்கு 18.5 கோடி லிட்டர். 2005ல் தண்ணீர் வந்தது. தொழிலுக்குக் கிலோலிட்டர் 45 ரூபாய், ஊருக்கும் வழியிலிருந்த கிராமங்களுக்கும் மிகக் குறைந்த விலை. வீட்டுத் தண்ணீரின் செலவைச் சாயப்பட்டறை சுமந்தது. இதில் நகராட்சி ஒரு வாடிக்கையாளர், அவ்வளவுதான்.

கழிவுநீரிலும் அதே கதை. சாயப்பட்டறைச் சங்கங்கள் கம்பெனி தொடங்கிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டின, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மேற்பார்வை. 2006ல் உயர் நீதிமன்றம் ஒரு சொட்டுக்கூட வெளியேற்றக்கூடாது என்றது. 28-1-2011ல் எல்லாப் பட்டறையையும் மூடு என்றது. மறுபடி எழுப்பியது மாநில அரசின் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன். மாநகராட்சி இதில் எங்கே?

---

கேட்பு_வசூல்_நிலுவை எழுதியது:

நீங்கள் சொன்ன வரலாறு அத்தனையும் சரி. மாநகராட்சி எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா, கடைசியில் அல்ல, முதல் நாளில் இருந்தது, அன்றைய நகராட்சியாக. ஜம்மனை ஓடை, சங்கிலிப்பள்ளம், நல்லாறு ஓரமாக வீட்டுமனைகளுக்கு நடுவே சாயப்பட்டறைக் கட்டடம் எழும்பியபோது கட்டட அனுமதியும் தொழில் உரிமமும் உள்ளாட்சியின் கையில்தான் இருந்தன. பட்டறைகளை ஒரே பக்கம், ஒரே சரிவில் அமர்த்தியிருந்தால் கழிவைத் திரட்டும் குழாய் நேராகப் போயிருக்கும். ஊர் முழுக்கச் சிதறவிட்ட பிறகு, வளைந்து வளைந்து பம்ப் வைத்துத்தான் இழுக்க முடிந்தது.

அன்று விட்ட ஒரு கையெழுத்துக்கான வட்டியை 2011ல் கட்டினோம். நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992ல் பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. சாயத் தண்ணீர் தேங்கி, கடைசியில் பாய்ச்சலுக்கே வேண்டாம் என்று ஆயக்கட்டு விவசாயிகளே வழக்குப் போட வேண்டியதாயிற்று. நிலம் போனவர்களுக்கு அது வெறும் "போட்டித்திறன்" பிரச்சினை இல்லை. அதையும் இந்தக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

---

பவர்டேபிள் எழுதியது:

சாயக்கணக்கு அண்ணா, ஒரு சந்தேகம். சுத்திகரிப்பு நிலையம் முன்பும் இருந்ததே, பிறகு ஏன் ஆறு கெட்டது?

---

சாயக்கணக்கு எழுதியது:

உப்புதான் காரணம் தம்பி. ரியாக்டிவ் சாயம் பருத்தியில் ஏற லிட்டருக்கு 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். சாயம் துணிக்குப் போகும், உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும். பழைய நிலையங்களில் சுண்ணாம்பும் இரும்பு உப்பும் போட்டு நிறத்தைப் பிரித்தார்கள். தண்ணீர் தெளிந்துவிடும், பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஆனால் கரைந்த உப்பின் வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். தெளிந்த தண்ணீரில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். பாக்டீரியா தொட்டியும் உப்பைத் தொடாது.

இன்றைய முறையில் முதலில் உயிரியல் சுத்திகரிப்பு, பிறகு ஆர்ஓ. 85 முதல் 90 சதவீதம் தண்ணீர் பட்டறைக்கே திரும்புகிறது. மிச்சம் 10-15 சதவீத உப்புநீரை ஆவியாக்க வேண்டும். செலவு முழுக்க அங்கேதான். நீராவியும் கரண்டும் தின்றுவிடும். அதனால் உப்புநீரைச் சுத்தப்படுத்தி அப்படியே அடுத்த சாயத் தொட்டிக்கு உப்பாகவே ஏற்றிவிடும் நிலையங்கள் தப்பித்துக்கொண்டன. எல்லாவற்றையும் காய்ச்சிக் கலப்பு உப்பாக எடுக்கும் இடத்தில் அந்த உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் குவிந்து கிடக்கிறது. வாங்க ஆளில்லை, கொட்ட இடமில்லை.

---

தபதி_ஓரம் எழுதியது:

சூரத்தைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு நிறைவாகாது. அங்கேயும் ஜவுளி, அங்கேயும் வெளிமாநிலத் தொழிலாளர், அங்கேயும் சாயக் கழிவு. 1994 செப்டம்பரில் பிளேக் வந்தது. ஊரே ரயிலேறி ஓடியது. ஆலையும் வைரப் பட்டறையும் பூட்டிக் கிடந்தன. நிர்வாகம் கெட்டால் தொழில் நிற்கும் என்பதை அதைவிட நேராக யாரும் காட்டவில்லை.

1995ல் எஸ்.ஆர்.ராவ் ஆணையராக வந்து செய்தவற்றில் பேசப்படுவது துப்புரவும் ஆக்கிரமிப்பு அகற்றலும். முக்கியமானது வேறு. ஊரை ஆறு மண்டலமாகப் பிரித்து, மண்டல அதிகாரிக்கு ஆணையரின் நிதி அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு உடைந்த சாக்கடை மூடிக்குக் கோப்பு தலைமை அலுவலகம் வரை ஏற வேண்டிய அவசியம் போயிற்று. அதிகாரிகள் தினமும் காலையில் வீதியில் நிற்க வேண்டும், மதியம் உட்கார்ந்து காலையில் பார்த்ததைப் பேசி முடிக்க வேண்டும். இரண்டே வருடத்தில் சண்டிகருக்கு அடுத்த சுத்தமான நகரம் என்று பெயர் வாங்கியது.

அவர் மாற்றலாகிப் போன பிறகும் மண்டல முறை நின்றது. பின்னாளில் அதே மாநகராட்சி பம்ரோலியில் வீட்டுச் சாக்கடை நீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து நாளைக்கு 4 கோடி லிட்டர் பாண்டேசரா சாய ஆலைகளுக்கு விற்கத் தொடங்கியது. 2014 முதல். ஆலைக்கு நிச்சயமான தண்ணீர், மாநகராட்சிக்கு வருமானம், குடிநீர் குடிநீராகவே மிச்சம்.

---

நொய்யல்கரை எழுதியது:

திருப்பூரில் இதைச் செய்யலாமா? சென்னையில் கோயம்பேடு, கொடுங்கையூர் இரண்டிலும் தலா 4.5 கோடி லிட்டர் சுத்திகரித்து ஸ்ரீபெரும்புதூர், மணலி தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்களே.

---

சாயக்கணக்கு எழுதியது:

சூரத் அளவுக்கு இங்கே விற்காதுங்க. நம் பட்டறைகள் ஏற்கெனவே 85-90 சதவீதம் திரும்ப எடுக்கின்றன. புதுத்தண்ணீர் தேவை மிச்சமிருக்கும் பங்குக்குத்தான். காவிரித் தண்ணீர்த் திட்டமே இதில்தான் அடி வாங்கியது. எவ்வளவு தண்ணீர் விற்கும் என்று போட்ட மதிப்பீட்டுக்கு அடியில் இருந்த கணக்கு, பட்டறைகள் தண்ணீரைத் திரும்ப எடுக்காத காலத்துக் கணக்கு. கழகம் கடனை மறுசீரமைக்க வேண்டியதாயிற்று. தண்ணீர் திட்டம் போடுகிறவர்கள் சுற்றுச்சூழல் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

---

வால்வு_நேரம் எழுதியது:

தொழிற்சாலைத் தண்ணீரை விடுங்கள். ஊருக்குள் வருகிற குடிநீருக்கு வருகிறேன், ஏனென்றால் ஹாஸ்டல் தண்ணீர் இதுதான். நான்காவது குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் ஏன் வீதியில் தினமும் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு: ஊருக்கு எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் பார்த்தால் விடை கிடைக்காது. வந்தது எங்கே போகிறது என்று அளக்க வேண்டும்.

மத்திய அரசின் 2008 சேவைத் தர அளவுகோலில் கட்டணக் கணக்கில் வராத தண்ணீர் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அளக்கிற முறை கடினமில்லை. ஒரு மேல்நிலைத் தொட்டியின் பகுதியை எடுத்து 500 முதல் 3,000 இணைப்பு வரை ஒரு வட்டமாக்குங்கள். பக்கத்து வட்டத்தோடு சேரும் எல்லா வால்வையும் மூடிவிட்டு, உள்ளே வரும் ஒரே குழாயில் பெரிய மீட்டர் வையுங்கள். வால்வு நிஜமாகவே மூடியதா என்று பார்க்க உள்வரும் குழாயை அடைத்து அழுத்தமானி பூஜ்யத்துக்கு இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கவில்லை என்றால் எங்கோ தெரியாத இணைப்பு இருக்கிறது. பல வட்டங்கள் இந்த இடத்திலேயே தோற்கும், பழைய வரைபடத்தில் இல்லாத குழாய் மண்ணுக்குள் இருக்கும்.

அதன் பிறகு அந்த வட்டத்துக்கு மட்டும் சில நாள் விடாமல் தண்ணீர் கொடுத்து, இரவு 2 முதல் 4 மணி வரை மீட்டரைப் படியுங்கள். ஊர் தூங்குகிற நேரம். வீட்டுத் தொட்டிகள் முந்தைய நாளே நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொட்டி நிறைவதைக் கசிவென்று எண்ணிவிடுவோம். அப்போதும் ஓடுகிற தண்ணீர் பெரும்பாலும் கசிவு.

விட்டுவிட்டுக் கொடுக்கும் ஊரில் இன்னும் மூன்று கேடு. காலிக் குழாய்க்குள் தண்ணீர் வேகமாக நுழையும்போது காற்று மீட்டரைச் சுழற்றுகிறது, அளவு பொய்யாகும். அழுத்தம் ஏறி இறங்கி மூட்டுகள் தளர்கின்றன. தண்ணீர் நின்றதும் குழாயில் வெற்றிடம் உண்டாகி, ஓட்டை வழியாக அருகிலுள்ள சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சினால் இது இரட்டிப்பாகும். ஹாஸ்டலில் ஒரே வாரம் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் லைனில் பத்து மெஷின் காலி. போட்டித்திறன் குறைவது இப்படித்தான், யாரும் அறிக்கை எழுத மாட்டார்கள்.

---

ரைன்_கரை எழுதியது:

வேறொரு வழியும் உண்டு என்று சொல்லிவைக்கிறேன், சேவை வழி அல்ல, வரி வழி. ஜெர்மனியில் தொழில் வரியின் அடிப்படை 3.5 சதவீதம், அதை எத்தனை மடங்காக்குவது என்பதை ஒவ்வொரு நகராட்சியும் தானே முடிவு செய்கிறது. கொலோனுக்கும் டுசல்டார்ஃபுக்கும் நடுவில் மோன்ஹைம் என்ற சின்ன ஊர் 2012ல் அந்தப் பெருக்கியை 435லிருந்து 300 ஆக்கியது, பிற்பாடு 250 வரை இறக்கியது. 250 என்றால் வரி 8.75 சதவீதம். கம்பெனிகள் பதிவு அலுவலகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தன, வரி குறைத்தும் ஊரின் வருமானம் பெருகியது.

ஆனால் வந்த லாபத்தில் பெரும்பங்கு பக்கத்து ஊர்களுக்குப் போயிருக்க வேண்டிய வரி. அங்கே புதிதாக ஒன்றும் உருவாகவில்லை. பிறகு அந்த ஊரும் பணக் கஷ்டத்தில் விழுந்தது. சில கம்பெனிகளின் வரியை மட்டும் நம்பினால் அவை ஒரு வருடம் குறைத்துக் கட்டினாலே பட்ஜெட் ஆடும்.

---

கேட்பு_வசூல்_நிலுவை எழுதியது:

நல்ல உதாரணம் சார். தமிழ்நாட்டில் அந்த ஆட்டத்துக்கே இடமில்லை. தொழில் வரி என்று நாம் சொல்வது ஆள் மேல் போடும் வரி, அரசமைப்பின் 276ஆவது பிரிவு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகவிடாது. ஜிஎஸ்டி மத்தியிலும் மாநிலத்திலும் போய்ச் சேர்கிறது. ஆக, பனியன் ஏற்றுமதி இரட்டிப்பானாலும் மாநகராட்சிப் பெட்டியில் நேராக ஒரு ரூபாய் கூட விழாது. கட்டடம் பெருகினால் சொத்து வரி, அவ்வளவுதான். இந்தியா முழுக்க மாநகராட்சிகளின் வருவாய் நாட்டு உற்பத்தியில் 0.6 சதவீதம் என்று ரிசர்வ் வங்கி 2024ல் சொன்னது.

ஊர் வளர்ந்தால் நிர்வாகத்துக்கும் பலன் என்ற கயிறு நடுவில் அறுந்திருக்கிறது. "பணக்கார ஊர், அதனால் நல்ல நகராட்சி" என்ற எதிர்வாதம் இங்கே செல்லாததற்குக் காரணம் இதுதான்.

---

பவர்டேபிள் எழுதியது:

சொத்து வரியைத்தான் 2022ல் ஏற்றினார்களே! வீட்டுக்கு 25 சதவீதத்திலிருந்து, கடைக்கு நூறு சதவீதம். பிறகு வருடா வருடமும் ஏற்றலாம் என்று விதி. பத்து மெஷின் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறவர்களுக்கு வாடகையில் வந்து விழுகிறது. வரி ஏற்றுவது போட்டித்திறனா?

---

கேட்பு_வசூல்_நிலுவை எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானதுதாங்க. ஆனால் ஏன் ஒரேயடியாக ஏறியது என்றால், சென்னையில் 1998க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008க்குப் பிறகும் பொதுச் சீராய்வு நடக்கவேயில்லை. 15ஆவது நிதிக்குழு, சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவித்து, மாநில வளர்ச்சிக்கு ஏற்ப வசூலையும் கூட்டினால்தான் மானியம் என்று நிபந்தனை போட்டது. 2021-26க்கு நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கென்று ஒதுக்கியது 1,21,055 கோடி. அதை இழக்க எந்த மாநிலமும் விரும்பாது. வருடா வருடம் கொஞ்சம் ஏற்றியிருந்தால் வலித்திருக்காது. அக்டோபர் 2016 முதல் பிப்ரவரி 2022 வரை நகர்மன்றமே இல்லை, தனி அதிகாரிகள் நடத்தினார்கள். "எங்கள் வார்டில் வரி ஏற்றுகிறீர்கள், சாக்கடை எங்கே" என்று கேட்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆளில்லை.

ஒரு விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். விகிதத்தை ஏற்றுவதற்கு முன் விட்டுப்போன கட்டடத்தைப் பிடிக்க வேண்டும். கீழே வீடு என்று வரி, மேலே இரண்டு மாடியில் பவர் டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) ஓடும். மின் இணைப்பு வகையையும் வரிப் பதிவேட்டையும் கதவு எண் வாரியாக ஒப்பிட்டாலே பாதி வெளிவரும். வணிக மின் இணைப்பு, குடியிருப்பு வரி, இந்த இரண்டும் ஒரே கதவு எண்ணில் இருந்தால் அங்கே பில் கலெக்டர் போக வேண்டும். இதைச் செய்யாமல் விகிதத்தை மட்டும் ஏற்றினால் ஒழுங்காகக் கட்டுகிறவன் தலையில்தான் விழும்.

---

வால்வு_நேரம் எழுதியது:

2011ல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளையும் சுற்றியிருந்த ஊராட்சிகளையும் சேர்த்து 60 வார்டு ஆக்கினார்களே, அதையும் சொல்லுங்கள். 27 சதுர கிலோமீட்டர் ஊர் 159 ஆனது. பனியன் கம்பெனிகள் பல அந்தப் புதுப் பகுதியில். பாதாளச் சாக்கடை அங்கே பின்னால்தான் போனது.

போட்ட விதமும் முக்கியம். ஆழமான சாக்கடைக் குழாய் முதலில், அதற்கு மேல் குடிநீர், பிறகு கேபிள், கடைசியில் சாலை. நம் ஊரில் சாலை போட்ட மறுமாதம் வேறொரு துறை தோண்டுகிறது, ஏனென்றால் குழாய் போடுவது ஒருவர், பராமரிப்பது மாநகராட்சி, சில சாலைகள் மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. தோண்டிய பள்ளத்தை 15-20 சென்டிமீட்டர் அடுக்காக நிரப்பி, தண்ணீர் விட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்க வேண்டும். ஒரே தள்ளாகத் தள்ளி மேலே ஜல்லி போட்டால் முதல் மழையில் நீளமாக அமுங்கும். கன்டெய்னர் லாரியின் ஒரு பக்கச் சக்கரம் அதில் இறங்கினால் அன்றைய கப்பல் போச்சு.

---

நொய்யல்கரை எழுதியது:

சரிங்க. சம்பந்தம் புரிகிறது. எங்கள் வார்டில் ஒருவர் இதைச் சோதித்துப் பார்க்க விரும்பினால் எந்தத் தாளைக் கேட்பது?

---

கேட்பு_வசூல்_நிலுவை எழுதியது:

முதலில் கேட்பு (கட்டச் சொன்ன தொகை), வசூல், நிலுவைப் பட்டியல், வார்டு வாரியாக. கேட்பு என்ற இடத்தில் நடப்பாண்டும் பழைய நிலுவையும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சேர்த்துக் காட்டினால் வசூல் சதவீதம் பொருள் தராது. 2008 அளவுகோலில் தண்ணீர்க் கட்டண வசூலுக்கு 90 சதவீதம். பழைய நிலுவையில் முதல் நூறு கணக்கு யாருடையது என்று மன்றத்தில் கேட்கலாம். பெரும்பாலும் வழக்கில் உள்ள சொத்து, அரசு அலுவலகம், மூடிப்போன ஆலை.

பட்ஜெட்டைப் புரட்டும்போது மூன்று நிதி இருக்கும்: வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி. குடிநீர் நிதி வருடா வருடம் வருவாய் நிதியிடம் கடன் வாங்குகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் தண்ணீர்க் கட்டணம் மின்சாரச் செலவுக்குக்கூடப் போதவில்லை, பராமரிப்பு தள்ளிப்போகிறது என்று பொருள். தணிக்கை செய்த கணக்கு எந்த வருடத்துடையது என்பதும் அதே அளவு முக்கியம். புனே 2017ல் தண்ணீர்த் திட்டத்துக்கு 200 கோடி கடன்பத்திரம் விற்றது 7.59 சதவீதத்தில். சென்னை மாநகராட்சி 2025ல் மழைநீர் வடிகாலுக்கு அதே 200 கோடியை 7.97 சதவீதத்தில் எடுத்தது. கடன் கொடுக்கிறவர் கேட்கிற முதல் தாள் தணிக்கைக் கணக்குதான்.

---

பவர்டேபிள் எழுதியது:

கட்டட அனுமதிக்கு எத்தனை நாள் ஆகிறது என்பதையும் கேட்கலாமா அண்ணா?

---

கேட்பு_வசூல்_நிலுவை எழுதியது:

கேளுங்கள், ஆனால் சராசரியைக் கேட்காதீர்கள். 2024ல் சுயசான்று அனுமதி (கட்டுகிறவரே சான்றளித்துப் பெறுவது) வந்த பிறகு 2,500 சதுர அடி மனைக்குள் கட்டும் சின்ன வீடுகள் உடனே கிடைத்து சராசரியைக் கீழே இழுத்துவிடும். கம்பெனிக் கட்டடக் கோப்புகளை மட்டும் தனியாகப் பிரித்து, விண்ணப்பித்த தேதி, முதல் குறைக் குறிப்பு அனுப்பிய தேதி, ஆணை தேதி மூன்றையும் தகவல் உரிமையில் வாங்குங்கள். ஒரே கோப்புக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறை புதுக் குறை எழுதியிருந்தால் அந்த எண்ணிக்கையையும் சேர்த்துக் கேளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

---

வால்வு_நேரம் எழுதியது:

கூடவே உங்கள் மேல்நிலைத் தொட்டியின் பம்ப் பதிவேட்டில் ஒரு மாதப் பக்கத்தை நகல் கேளுங்கள். தொட்டி நிரம்பிய நேரம், வால்வு திறந்த நேரம், மூடிய நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூடிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் உங்கள் வீதிக்கு எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்பது அலுவலகத்துக்கே தெரியாது.